இடது கை பார்க்காத புள்ளி

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அது தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் புள்ளிக்காரர். முப்பது வருஷமாக எம்பிராய்டரி பட்டறையில் உட்கார்ந்து, ஒரு நாள்கூடப் புள்ளியை விட்டு விலகாமல் தைத்த மனுஷனுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்?

புள்ளி என்றால் இதுதான். பட்டறையில் டிரேசிங்காரர் என்று ஒருவர் இருக்கிறார். பூவோ கொடியோ பறவையோ, பட்டர் பேப்பரில் வரைவது அவர். வரைந்த கோட்டின் மேல் குண்டூசியால் நெருக்கமாகக் குத்தி ஓட்டை போடுவார். தாளைத் துணிமேல் விரித்து, கலர்ப் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் துணியில் படம் புள்ளி புள்ளியாக இறங்கிவிடும். அந்தப் புள்ளிகளின் மேல் ஆரி ஊசியை நடத்திக்கொண்டு போவது புள்ளிக்காரர் வேலை. மரச்சட்டத்தில் துணியை முரசு மாதிரி இறுக்கிக் கட்டியிருக்கும். மேலே வலது கை, அதில் நுனியில் கொக்கி வைத்த ஊசி. துணிக்குக் கீழே இடது கை, அதில் நூல். ஊசி குத்தி இறங்கியதும் கீழே இருக்கிற கை நூலைக் கொக்கியில் மாட்டும், ஊசி அதை மேலே இழுத்து வரும். வலது கையைப் பத்துப் பேர் பாராட்டுவார்கள். இடது கையை ஒருத்தரும் பார்த்ததில்லை. அதுவும் எதையும் பார்த்ததில்லை.

தைத்து முடித்தால் மேஸ்திரியம்மா வருவார். பட்டறையின் தலை அவர்தான். படத்தைப் பார்க்கவே மாட்டார். துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்ப்பார். கட்டைவிரல் நகத்தால் குறுக்கே ஒரு இழுப்பு. நகத்தில் நூல் சிக்கினால் அன்றைக்கு வேலை செய்தவன் தொலைந்தான். சிக்கவில்லை என்றால் "நூல் தொங்கல" என்பார். அந்தத் தொழிலில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. பட்டம், சால்வை எல்லாம் அந்த இரண்டு வார்த்தைதான்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த ஆளை நூலகத்து ஓவிய டீச்சர் வந்து கெடுத்தார்.

நூலகத்து மாடி ஹாலில் ஞாயிறுதோறும் அந்த அம்மா பெரியவர்களுக்கு ஓவிய வகுப்பு நடத்துகிறார். படம் போட அவர் சட்டத்தில் கட்டுகிற துணியெல்லாம் நடுவில் தொய்ந்து தூளி மாதிரி ஆகிவிடுகிறது. பட்டறைச் சட்டங்களை ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தவர், துணியை இறுக்கிக் கட்டித் தர ஒரு ஆளை அனுப்ப முடியுமா என்று மேஸ்திரியம்மாவைக் கேட்டார். மேஸ்திரியம்மா புள்ளிக்காரரை அனுப்பினார். போனார், கட்டினார், ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிச் சத்தம் கேட்டார். வந்த வழியே திரும்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அங்கே ஒரு ஓய்வு பெற்ற நர்ஸம்மாவும் ஒரு சைக்கிள் கடைக்காரரும் பெயின்ட்டை இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு நின்றார். புள்ளி இல்லை, தாள் இல்லை, யாரும் நகத்தால் இழுத்தும் பார்க்கவில்லை. இதுவும் ஒரு பிழைப்பா என்று தோன்றியது. கூடவே, நமக்கு ஒரு துணி கொடுத்தால் என்ன என்றும் தோன்றியது.

கொடுத்தார்கள். அவர் வாங்கவில்லை. அந்தத் துணி சாக்கு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு பட்டறையில் மிச்சம் விழுந்த மெல்லிய மல் துணியைத் தன் சட்டத்தில் கட்டி எடுத்து வந்தார். எல்லோரும் பலகையைச் சாய்த்து வைத்து நின்றபடி வரைந்தார்கள். இவர் மட்டும் சட்டத்தை இரண்டு ஸ்டூல்மேல் படுக்க வைத்து, உட்கார்ந்துகொண்டார். நின்றுகொண்டு வேலை செய்ய நான் என்ன காவல்காரனா என்பது அவர் கட்சி.

முதல் படம் ஒரு பூ. அரிசி நீளத்துக்கு ஒரு கோடு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கோடு, அப்படியே சங்கிலித் தையல் மாதிரி பெயின்ட்டை வைத்தார். மூன்று வாரம் ஆனது. டீச்சருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. யாரும் இப்படி பிரஷ் பிடித்து நான் பார்த்ததில்லை என்றார். பிறகு துணியின் ஓரத்தில் இருந்த பொடிப் புள்ளிகளைக் கவனித்தார். ஆமாம், பட்டறையிலிருந்து பழைய டிரேசிங் தாள் ஒன்றைச் சுருட்டி எடுத்து வந்து, அதை இறக்கி, அதன்மேல்தான் ஐயா ஓவியம் போட்டிருக்கிறார்.

"இந்தப் பூ நீங்க போட்டதா?" என்று கேட்டார் டீச்சர்.

"நான்தான் போட்டேன். வரைஞ்சது வேற ஆளு."

அடுத்த தடவை புள்ளி இல்லாமல் போடச் சொன்னார் டீச்சர். புள்ளிக்காரர் ஒரு வாரம் வெறும் துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். துணியில் கறை இல்லாமல் இருப்பதுதான் அவருக்கு அழகு. அதனால் அந்த வாரம் புருஷன் போட்ட படம்தான் இதுவரை போட்டதிலேயே நல்ல படம் என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலுக்குக் கிளம்புகிற அவசரத்தில் முழங்கை பட்டுப் பெயின்ட் குவளை சாய்ந்தது. நீலம் ஓடி, பக்கத்துக் குவளைச் சிவப்பையும் இழுத்துக்கொண்டு, துணி முழுக்கக் கால் விரித்தது. துடைக்க நேரமில்லை. தலையைக் குனிந்துகொண்டு அப்படியே தூக்கிப் போனார். டீச்சர் பார்த்துவிட்டு, "இதுதான் நான் சொன்னது. இப்படியே போடுங்க" என்றார்.

இப்படியே போடுங்கள் என்று சொன்னால் மற்றவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. பட்டறையில் முப்பது வருஷம் இருந்தவன் என்ன செய்வான் என்பது எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போனதும் புள்ளிக்காரர் பட்டர் பேப்பர் வாங்கி வந்தார். சாய்ந்த பெயின்ட்டின் மேல் விரித்து, அதன் ஒவ்வொரு காலையும், ஒவ்வொரு சொட்டையும், தெறித்த பொட்டுகளையும் பென்சிலால் எடுத்தார். குண்டூசியால் குத்தினார். நாலு சாயங்காலம் குத்தினார். பொடி தேய்த்து இறக்கி, அதே நீலத்தை அதே இடத்தில், அதே சிவப்பை அதே மூலையில் வைத்துக்கொண்டு போய் நின்றார். டீச்சர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கடுகளவு வித்தியாசம் இல்லை.

அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கை தானாகப் போக வேண்டும் என்று மெதுவாக எடுத்துச் சொன்னார். புள்ளிக்காரர், தானாகப் போகிற கையை எங்கள் பட்டறையில் வாசலோடு அனுப்பிவிடுவார்கள் என்று பதில் சொன்னார். அடுத்த வாரமும் அதே சிந்தல். அதற்கடுத்த வாரமும். நர்ஸம்மா, இது ஒட்டுவாரொட்டி நோயா என்று கேட்டார்.

சேதி வீட்டுக்கு வந்ததும் மச்சினனுக்குக் கொண்டாட்டம். மனைவியின் தம்பி, கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவன். பெயின்ட் என்றால் தன் குடும்பச் சொத்து என்று நினைப்பு. சாப்பிட உட்கார்ந்தவன் சிந்திய படங்கள் நாலையும் வரிசையாக நிறுத்தி வைத்து ரசித்தான்.

"அக்கா, பெயின்ட்டைக் கொட்டுறவனை நான் பார்த்திருக்கேன். ஒரே மாதிரி நாலு தடவை கொட்டுறவரை இப்பத்தான் பார்க்கிறேன். மாமா பெரிய புள்ளிதான்."

எல்லோரும் சிரித்தார்கள், புள்ளிக்காரரும் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். நாக்கு அரிக்கிறவனுக்கு அடுத்த வார்த்தை நிற்குமா?

"கோச்சுக்காதீங்க மாமா. முப்பது வருஷமா நீங்க தைச்ச படமெல்லாம் அந்த டிரேசிங்காரன் படம். அவன் ரோடு போட்டான், நீங்க நடந்தீங்க. ரோடு இல்லாத எடத்துல உங்களுக்கு நடக்க வராது."

அதற்குப் பிறகு புள்ளிக்காரர் சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றார். பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு மனைவி பக்கத்தில் வந்தபோது கேட்டார்: "அவன் சொல்றது நெசம்தானே? முப்பது வருஷத்துல நானாப் போட்டது ஒரு கோடாவது இருக்கா?"

அந்த அம்மா பொய் சொல்லத் தெரியாதவர். கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். "தெரியலைங்க" என்றார்.

நூலகத்து ஆண்டு நாள் வந்தது. ஓவிய வகுப்புக்காரர்கள் ஒவ்வொருவரும் வருகிறவர்கள் முன்னால் ஒரு மணி நேரத்தில் ஒரு படம் போட வேண்டும். பென்சில் கூடாது, பார்த்து வரைகிற படம் கூடாது, தாள் கூடாது. தாள் கூடாது என்று சொல்லும்போது டீச்சர் எல்லோரையும் பொதுவாகத்தான் பார்த்தார், ஆனால் பார்வை வந்து நின்ற இடம் ஒன்றுதான். புள்ளிக்காரர் முதல் ஆளாகப் பேர் கொடுத்தார். கொடுத்த கையோடு பட்டறையிலும் சொல்லிவிட்டார். மேஸ்திரியம்மா முதல் நூல் சுற்றுகிற பெண்கள் வரை எல்லோரும் வருவதாகச் சொன்னார்கள். விழாவுக்குப் பேனர் எழுத வந்தவன் யார் தெரியுமா? மச்சினன். தலையெழுத்து என்றால் அது இப்படித்தான் பிரஷ்ஷும் கையுமாக எதிரில் வந்து நிற்கும்.

அன்று காலை சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்த புருஷனைப் பார்த்ததும் மனைவிக்கு ஏதோ கண்ணை உறுத்தியது. சட்டை அவர் இஸ்திரி போட்டது. முதுகுப்பக்கம் எப்படி விழும் என்று அவருக்குத் தெரியும். அது பலகை மாதிரி நின்றது. போதாததற்கு அவர் மூச்சு விடும்போதெல்லாம் சரசரவென்று ஒரு சத்தம்.

"திரும்புங்க."

"எதுக்கு? நேரமாச்சு."

"நான் போட்ட மடிப்பு இப்படி நிக்காது. திரும்புங்கன்னா."

திரும்பினார். சட்டைக்குள் கையை விட்டு அந்த அம்மா உருவி எடுத்தது, குண்டூசி ஓட்டைகள் நிறைந்த பட்டர் பேப்பர். நாலு சாயங்காலச் சிந்தல். புள்ளிக்காரர் எங்கோ பார்த்துக்கொண்டு, சும்மா துணைக்குத்தான் என்றார். மனைவி தாளை எட்டாக மடித்து, ஹாலில் போய் நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். எழுந்திருக்கிற உத்தேசம் இல்லை என்று முகத்தில் எழுதியிருந்தது.

மணி அடித்தார்கள். எட்டுப் பேர் நின்றுகொண்டு வரைய ஆரம்பித்தார்கள். ஒருத்தர் உட்கார்ந்துகொண்டு ஆரம்பிக்கவில்லை. ஸ்டூல்கள்மேல் சட்டம், சட்டத்தில் மல் துணி, சுண்டினால் டங் என்கிறது. மடிக்குப் பக்கத்தில் மூன்று குவளை. வலது கையில் பிரஷ். கால் மணி போனது, அரை மணி போனது. வலது கை துணிமேல் போகும், புள்ளி தேடும், இல்லை என்று திரும்பி வரும். சைக்கிள் கடைக்காரர் அதற்குள் ஒரு படம் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பட்டறைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மச்சினன் பின்னால் வந்து நின்று, மாமா துணி சலவைக்கா வந்திருக்கு என்று மெதுவாகக் கேட்டான். அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் நாலடி தள்ளிப் போனான்.

புள்ளிக்காரருக்குக் காது சூடாகிவிட்டது. அவன் சொன்னதுதான் உண்மை போலிருக்கிறது, எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார். நினைத்துக்கொண்டிருக்கும்போதே துணியின் நடுவில் ஒரு நீலப் பொட்டு வந்தது.

அவர் வைக்கவில்லை. வலது கை அந்தப் பக்கமே போகவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொன்று வந்தது. சட்டையின் முதுகில் வியர்வை ஊறி வருகிற மாதிரி, சின்னதாக வந்து அகலமானது. குனிந்து கீழே பார்த்தார். இடது கை.

சட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் இடது கை துணிக்கு அடியில் போய்விடும். போ என்று யாரும் சொல்ல வேண்டாம், முப்பது வருஷப் பழக்கம். குவளையை நகர்த்தும்போது விரலில் ஒட்டியிருந்த பெயின்ட்டோடு அது போய், இல்லாத ஊசிக்கு இல்லாத நூலை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தது. மாட்டுகிற ஒவ்வொரு தடவையும் விரல் துணியைத் தொட்டது.

இந்தக் கை ஒரு புள்ளியைக்கூடப் பார்த்ததில்லையே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. டிரேசிங்காரன் போட்டதெல்லாம் மேலே. கீழே இடது கை என்கிற இவன் இருட்டில்தான் இருந்தான். ஊசி எங்கே இறங்கும் என்று தொட்டுத்தான் கண்டுபிடித்தான். ரோடு இல்லாத இடத்தில்தான் இத்தனை வருஷமும் நடந்திருக்கிறான்.

வலது கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார். இடது கையை நீலத்தில் நாலு விரலும் முங்கவிட்டு அடியில் கொண்டுபோனார்.

பிறகு நடந்ததை ஹாலில் இருந்தவர்கள் இரண்டு விதமாகப் பார்த்தார்கள். மேலே நின்று பார்த்தவர்களுக்கு, ஒரு மனுஷன் சும்மா உட்கார்ந்திருக்கிறார், துணி தானாகவே நிறம் விடுகிறது. நீலம் வருகிறது, நிற்கிறது, யோசிக்கிறது, வேறு பக்கம் போகிறது. மஞ்சள் எங்கிருந்தோ வந்து அதைச் சந்திக்கிறது. சிலது மேலே வரப் பயந்த மாதிரி பாதியில் நின்றுவிடுகிறது. நர்ஸம்மா முட்டி வலியை மறந்து தரையில் உட்கார்ந்து கீழே எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு கை மின்னல் மாதிரி வேலை செய்துகொண்டிருந்தது. புள்ளிக்காரர் கீழே பார்க்கவே இல்லை. மேலே என்ன வருகிறது என்று பார்ப்பார், அதற்குப் பதில் சொல்கிற மாதிரி கீழே விரல் போகும். பெயின்ட் கால்சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி அதையும் பார்த்தார், எந்தக் கறைக்கு என்ன போட வேண்டும் என்று கணக்கும் போட்டார், ஆனால் தாளை விட்டு எழுந்திருக்கவில்லை.

மணி அடித்தது. கையை வெளியே எடுத்தார். ஐந்து விரலும் ஐந்து நிறமாக இருந்தது.

மேஸ்திரியம்மா எழுந்து வந்தார். படத்தைப் பார்த்தாரா? பார்ப்பாரா? சட்டத்தின் இரண்டு முனையையும் பிடித்து, பட்டறையில் செய்கிற மாதிரியே, ஒரே வீச்சில் திருப்பிப் போட்டார். டீச்சர் ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

பின்பக்கம் வரிசை வரிசையாக விரல் தடம். ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு, இடைவெளி விடாமல், வளைகிற இடத்தில் வளைந்து, அச்சு அசல் சங்கிலித் தையல். ஆனால் எந்தத் தாளிலும் இல்லாத வழி. கோடு எங்கெங்கோ போயிருந்தது. மேஸ்திரியம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். பிறகு, பழக்க தோஷம், கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தார்.

ஈரப் பெயின்ட்டில்.

நடுவில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. அந்த அம்மா தன் நகத்தைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். பட்டறைப் பெண்கள் எழுந்து நின்றார்கள். முப்பது வருஷத்தில் மேஸ்திரியம்மா ஒரு வேலையைக் கெடுத்து யாரும் பார்த்ததில்லை. புள்ளிக்காரரைப் பற்றியும் அவர்களுக்குத் தெரியும். ஒரு தையல் அரைப் புள்ளி தள்ளிப் போனதற்காக ஒரு முழு மயிலைப் பிரித்துப் போட்ட ஆள்.

புள்ளிக்காரர் அந்தக் கோட்டை ரொம்ப நேரம் பார்த்தார். கை தன்னையறியாமல் துணி ஓரத்துக்குப் போனது, பிரிக்கிறதற்கு நூல் தேடுகிற மாதிரி. அங்கே நூல் ஏது? கையை எடுத்துக்கொண்டார்.

"இருக்கட்டும்மா" என்றார். "நல்லாத்தான் இருக்கு."

மேஸ்திரியம்மா நகத்தைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். "நூல் தொங்கல" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

படத்தை ஒரு மாதம் ஹாலில் மாட்டி வைத்தார்கள். முதல் வாரமே தொல்லை ஆரம்பித்தது. பட்டறையிலிருந்து மூன்று மூன்று பேராக வந்து, படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிட்டு மாட்டிவிட்டுப் போனார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் இறக்க ஆரம்பித்தார்கள். நூலகர் பொறுத்துப் பார்த்துவிட்டு, தொடாதீர்கள் என்று ஒரு போர்டு வேண்டும் என மச்சினனுக்குச் சொல்லியனுப்பினார். அவன் பலகையோடு வந்தபோது புள்ளிக்காரரும் அங்கே இருந்தார். தொய்ந்த துணிகளை இறுக்கிக்கொண்டிருந்தார்.

மச்சினன் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். இறக்கித் திருப்பியும் பார்த்தான். "அன்னைக்கு நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க மாமா" என்றான்.

வைத்துக்கொள்ளவில்லை என்றார் புள்ளிக்காரர். மச்சினன் பலகையை மடியில் வைத்து, பையிலிருந்து சுண்ணாம்புக்கட்டி தேய்த்த நூலை எடுத்தான். போர்டு எழுதுகிறவர்கள் எழுத்து நேராக நிற்பதற்கு முதலில் நூலைச் சுண்டிக் கோடு போட்டுக்கொள்வார்கள். அதைப் பார்த்ததும் புள்ளிக்காரர் கையிலிருந்த வேலையை நிறுத்தினார்.

"மாப்ளே, அது என்ன?"

"கோடு மாமா. கோடு போடாம எப்படி எழுதுறது?"

"ஓ. உனக்கும் ரோடு வேணுமா?"

மச்சினன் நூலைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். நூலைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு, பிரஷ்ஷை முக்கி, வெறும் பலகையில் எழுத ஆரம்பித்தான். நூலகர் சொன்னதை எழுதவில்லை. 'திருப்பிப் பார்க்கலாம். நகம் படக் கூடாது' என்று எழுதினான். எழுத்து ஆரம்பித்த இடத்திலிருந்து மெல்ல மெல்ல மேடு ஏறி, 'கூடாது' வருவதற்குள் பலகையின் மேல் விளிம்பில் போய் முட்டிக்கொண்டு நின்றது. இருபது வருஷத் தொழில்காரன் எழுதிய போர்டு. வியர்த்துவிட்டது அவனுக்கு.

புள்ளிக்காரர் பலகையைக் கையில் வாங்கினார். எழுத்தைப் பார்க்கவில்லை. திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கட்டைவிரல் நகத்தால் குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தார்.

"நூல் தொங்கல மாப்ளே" என்றார்.